‘ஆக்கம்’ என்ற சொல்லுக்கு எதிரே

செவ்வாய், பங்குனி 11

காலை முழுதும் மழை. செவ்ரான் நிலையத்தில் தொடர்வண்டி கால்மணி பிந்திற்று. குடையை நேற்றைய அரங்கிலேயே விட்டு வந்திருக்கிறேன்.

அவையோரே! அன்னையரே! ஒரு பெண்ணின் பெயரை நேற்று மாலை ஓர் அரங்கமே கூடியிருந்து விழுங்கிற்று!

(அவை இல்லை. சமையலறை மேசை, ஆறிய தேநீர், நான். ஆயினும் எழுதி இறக்காவிட்டால் இந்தச் சினம் நெஞ்சிலேயே கிடந்து புளிக்கும்.)

நடந்தது. புறநகரான சென் தெனியில் ஒரு நாடக அரங்கு. கறுப்பின ஆசிரியர்கள் எழுதும் புதிய நாடகங்களுக்கென ஆண்டுதோறும் அங்கு ஒரு விருது. இவ்வாண்டு ஒரோர் மலாங்கோ என்னும் பெண்ணுக்கு. லா கூர்னெவ் சலவை ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக என்னோடு வேலை செய்பவர். விடுதி விரிப்புகளை இயந்திரத்தில் ஏற்றுபவன் நான். தேய்க்கும் உருளையில் நிற்பவர் அவர். அந்த நாடகத்தை இடைவேளைகளில், விரிப்பு அனுப்பும் சீட்டுகளின் பின்புறத்தில் எழுதினார். மூன்று சலவைப் பெண்கள், ஒரு பகல், ஒரு விரிப்பில் யாருடையதென்று தெரியாத குருதிக்கறை. மூவரில் ஒருத்தி தமிழச்சி, பெயர் சாந்தி. அதனால்தான் அதைத் தமிழாக்கினேன். வரும் ஞாயிறு நம் தமிழ் மன்றத்தின் முத்தமிழ் விழாவில் அது மேடையேறுகிறது.

நேற்றைய விழாவில் யார் எவ்வளவு பேசினர்:
அரங்கத் தலைவர், இருபது மணித்துளி. தம் உள்ளத்தின் அகலம் பற்றி.
கொடையாளர், பன்னிரண்டு.
நடுவர் ஒருவர், எட்டு. நாடகத்தின் பெயரை இரு முறை பிழையாகச் சொன்னார்.
ஒரோர் எழுந்தார். இரண்டாம் வரியில் இசை தொடங்கிற்று.

பரிசு என்பது மேடையேற்றம் அன்று. ‘வாசிப்பு.’ நுழைகூடத்தில், காப்பி இயந்திரத்தின் பக்கத்தில், நண்பகலில், ஒரே ஒரு முறை. பெரிய மேடைக்கு இன்னும் ‘கனியவில்லை’ என்றார் தலைவர். கறுப்பர் எழுதினால் விருது தருவீர், மேடை தரமாட்டீர். மாலை உண்டு, மணை இல்லை! எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சினம் வந்தால் என் பிரெஞ்சு படியில் தடுக்கி விழும்.

வாங்க வேண்டியவை: இருமல் மருந்து, வேட்டிக்கு நீலம், கறிவேப்பிலை.


புதன், பங்குனி 12

மழை விட்டது. காற்று. ஆலையில் உருளை ஒன்று பழுது, ஆகவே இடைவேளை நீண்டது.

ஒரோர் நாளிதழ் கொண்டுவந்தார். அரங்கத் தலைவரின் படம், பல் தெரிய. அடியில்: ‘புறநகரின் இளங்குரல் ஒன்றுக்கு விருது.’ பெயர் இல்லை. மேலும் கீழும் இருமுறை தேடினேன். இல்லை. இளங்குரலாம்! ஒரோருக்கு அகவை நாற்பத்தாறு. செய்திக்குள்ளே, ‘ஆப்பிரிக்காவிலிருந்து நமக்கு வந்த கொடை’யாம்! பிறந்தது சென் தெனி மருத்துவமனையில்.

நான் நாளிதழைச் சுருட்டி மேசையில் அடித்தேன். அவர் சிரித்தார்.

“ஏன் கத்துகிறாய், இளம்பரிதி? விருது எனக்கு, குருதியழுத்தம் உனக்கா?”

இதை எழுதி வைக்க வேண்டும். ஆலையில் எல்லாருக்கும் நான் ‘சூர்யா’. சட்டைப் பையில் குத்திய அட்டையில் சூரியகுமார் என்று இருப்பதால். அது பிறப்புப் பதிவின் பெயர். இருபது அகவையில் வடமொழியைக் களைந்து நானே எனக்குச் சூட்டிய பெயர் இளம்பரிதி. ஒரோர் ஒருவர்தான், ‘உன்னை நீ எப்படி அழைப்பாய்?’ என்று கேட்டவர். சீட்டின் பின்னால் எழுதி வைத்து ஒரு கிழமை பயின்றார். ளகரத்தில் நாக்கு மடியவில்லை. விடவில்லை. எட்டாம் நாள், உருளையின் இரைச்சலுக்கு மேலாகக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்த என் கண் கலங்கிற்று. நீராவி என்று சொன்னேன்.

இன்று போகும்போது சொன்னது: “அங்கே என்னை எழுதவில்லை, போகட்டும். உங்கள் தமிழ்க் கடைத்தெருவில் எழுதியிருப்பீர்கள் அல்லவா? அதைப் பார்க்க வேண்டும். ஞாயிறு அம்மாவையும் கூட்டி வருவேன்.”

எழுதியிருப்போம் என்றேன். நெஞ்சை நிமிர்த்தி.

மாலை ஒத்திகை. சாந்தியாக நடிக்கும் பெண் இங்கே பிறந்தவள். தமிழ் வரிகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறாள். ‘கறை’ மட்டும் ஒவ்வொரு முறையும் ‘கரை’ ஆகிறது. திருத்தினால், “உவி, உவி” என்று பிரெஞ்சில் ஆமாம் போடுகிறாள். ஆனால் கறையைக் கழுவ மறுத்து நிற்கும் இடத்தில் அவள் நின்ற நிலை!


வியாழன், பங்குனி 13

வெயில்.

விழா அறிவித்தல் அச்சாகி லா சப்பல் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியாயிற்று என்று மன்றச் செயலாளர் யோகன் செய்தி அனுப்பியிருந்தார். வேலை முடிந்ததும் ஒரோரும் நானும் ஒரே வண்டியில் கார் து நோர் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து நடந்தோம். நிலைய வாயிலில் காவலர் அடையாளத் தாள் கேட்டனர். இருவரிடமும். வழக்கம்.

புடவைக்கடைக் கண்ணாடி. உச்சியில் முருகன். அடியில் நகைக்கடை. நடுவில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. மங்கல விளக்கேற்றுவோர் பதினான்கு இணையர், திருவாளர் திருமதி என்று முழுமையாக. அதன்கீழே நாடகம். ‘விருது பெற்ற நாடகம்’ என்று சிவப்பில். அதற்கும் கீழே:

ஆக்கம்: செஞ்சொல் அரிமா இளம்பரிதி.

பக்கத்தில் என் படம். மயிர் கொட்டுமுன் எடுத்தது; இன்று பார்ப்பவருக்கு வேறு யாரோ.

வேறு பெயர் இல்லை. ஒரோர் இல்லை. எங்கும் இல்லை.

ஒரோருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கண்ணாடியருகே குனிந்து, குழந்தைபோல் கேட்டார்: “இதில் நான் எங்கே இருக்கிறேன்?”

முப்பது ஆண்டுகளாக மேடையில் முழங்குபவன் நான். நகர மண்டபத்தின் முன்னே, ஒலிபெருக்கி பழுதானபோதும், கடைசி வரிசைவரை கேட்கப் பேசியவன். வாய் திறக்கவில்லை. விரல்தான் உயர்ந்தது. ‘ஆக்கம்’ என்ற சொல்லுக்கு எதிரே போய் நின்றது.

“இவ்வளவு நீளமா, உங்கள் எழுத்தில் என் பெயர்?”

ஆம் என்றேன்.

ஆம் என்றேன்! எழுதவே கூசுகிறது.

அந்த வரியைக் கைபேசியில் ஒளிப்படம் எடுத்தார். தாய்க்கு அனுப்பினார். தாய் உடனே குரல்செய்தி அனுப்பினார். நாவைச் சுழற்றி எழுப்பும் அந்தக் குரவை ஒலி தெருவெல்லாம் கேட்டது. அப்போது கடைக்காரர் கதவைத் திறந்து தலை நீட்டினார்.

“பரிதி அண்ணை, உங்கட படம் நல்லா விழுந்திருக்கு! ஆர் உந்தக் கறுவல், கூட்டிக்கொண்டு திரியிறியள்?”

ஒன்பது ஆண்டுகள் தமிழரோடு வேலை செய்த ஒரோருக்குத் தமிழில் சில சொற்களே தெரியும். சோறு. தேத்தண்ணி. கெதியா. கடைசியாக, கறுப்பரை இழிக்கும் அந்தச் சொல். அவர் முகம் மாறவில்லை. கைபேசியைப் பைக்குள் வைத்தார். “போகலாம், இளம்பரிதி” என்றார். ளகரம் துல்லியமாக.


வெள்ளி, பங்குனி 14

முகில். வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

யோகனின் மளிகைக் கடை. வெள்ளிக்கிழமை, மரக்கறி வாங்கும் கூட்டம். முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கேட்டேன்: எழுதியவர் பெயர் எங்கே?

“நீங்கள்தானே எழுதினது, அண்ணை?”

“தமிழாக்கம் மட்டுமே என்னுடையது.”

“அப்ப அந்த முதல் தாளில கிடந்த ‘புலரி’?”

“புலரி அவர்தான்!”

யோகன் தராசிலிருந்து கையை எடுத்தார். “அண்ணை, நான் என்னத்தைக் கண்டன்? ஆக்கம் புலரி, தமிழில் இளம்பரிதி எண்டு கிடந்தது. புலரி எண்டாலும் விடியல், பரிதி எண்டாலும் சூரியன். உங்கட புனைபெயர் எண்டுதான் கமிட்டி முழுக்க நினைச்சது. ஒரு ஆளுக்கு ரெண்டு பேர் எதுக்கு? விளக்கேத்திற ஆக்களுக்கே இடம் காணாமல் கிடந்தது.”

அவர் சொன்னது உண்மை. ஒரோர் என்றால் பிரெஞ்சில் விடியல். கையெழுத்துப் படியின் முதல் தாளில் அந்தப் பெயரை நானே பெயர்த்தேன். தூய தமிழ் ஏட்டின் முகப்பில் அயற்பெயர் எதற்கு என்று. புலரி. அழகாயிருந்தது. என் இனிஷியல் – இல்லை, தலையெழுத்து – இட்டு ஒப்பமும் வைத்தேன். கேட்டேனா? இல்லை. அவரிடம் சொன்னேனா? இல்லை.

ஆயினும் விடவில்லை. மறு அச்சு வேண்டும் என்றேன்.

“அண்ணை, ஞாயிறு விழா, இண்டைக்கு வெள்ளி. மேடைக்குப் பின்னால கட்டுற பனரும் அடிச்சாச்சு. இனி ஒண்டும் செய்யேலாது.”

“அந்தத் திரைச்சீலையில் வண்ணம் தீட்டித் திருத்தலாம்.”

“கேளுங்கோ, நான் உள்ளதைச் சொல்லுறன். அந்த மனிசியில எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா கறுவல் எழுதின நாடகம் எண்டு போட்டா எங்கட சனம் வருமே? ‘எங்கட பிள்ளையள் எழுத மாட்டினமே’ எண்டு கேக்கும். உங்கட பேர் கிடந்தா மண்டபம் நிறையும்.”

“நம் தோல் என்ன பாலில் தோய்த்தெடுத்ததா, யோகன்? நேற்று நிலையத்தில் காவலர் என்னையும் நிறுத்தினர், அவரையும் நிறுத்தினர். அவர்களுக்குத் தெரிந்த ஒற்றுமை உமக்குத் தெரியவில்லையா?”

வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா: “மெய்தான் தம்பி. என்ர மோனையும் ஒவ்வொரு நாளும் மறிக்கிறாங்கள்.” பிறகு யோகனிடம்: “இந்த வெண்டி முத்தல்.”

பேசமாட்டேன், விழாவுக்கே வரமாட்டேன் என்று அறிவித்தேன். யோகன் சிரிப்பை அடக்கவில்லை. “நீங்கள் பேசாட்டி அரை மணித்தியாலம் மிச்சம், அண்ணை. ஆனா விளக்கேத்த ஆக்களைக் கூப்பிட ஆரும் இல்லை. பதினாலு சோடியையும் பிழையில்லாமல் கூப்பிட உங்களை விட்டா ஆளில்லை. அதுக்கெண்டாலும் வாங்கோ.”

வீட்டில் மனைவி அரசியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சென் தெனி அரங்கத் தலைவரையும் யோகனையும் ஒரே மூச்சில் ஏசினேன். அவள் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டு கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, மேடையில சிங்கம். கடைக் கண்ணாடிக்கு முன்னால பூனை.”

“மன்றம் செய்த பிழை அது!”

“மன்றமோ அந்த மனிசியின்ர பேரை மாத்தினது?” உள்ளித்தோலை ஊதினாள். “என்ர பேரையும் கேட்டே மாத்தினீங்கள்? ராஜேஸ்வரி எண்டு அப்பா வைச்சது. கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள் அரசி எண்டாச்சு. நீங்கள் இஞ்சயிருந்து போட்ட கடிதமெல்லாம் அரசி எண்டு வந்தது. நான் ஆரோ ஒருத்தியின்ர கடிதத்தைப் பிரிக்கிற மாதிரி இருந்தது.”

“முப்பத்தோர் ஆண்டுகள் சொல்லவில்லையே!”

“நீங்கள் எப்ப பேச்சை நிப்பாட்டினீங்கள், நான் சொல்ல?”

சோறு நன்றாயிருந்தது. உண்ண முடியவில்லை.


சனி, பங்குனி 15

குளிர், ஆனால் வெளிச்சம். ஆலை வாயிலில் ஒரோருக்காக ஏழு மணி முதல் நின்றேன். பிரெஞ்சில் என்ன சொல்வதென்று தாளில் எழுதிக் கொண்டுபோனேன். படிக்கவில்லை.

சொன்னது: அந்த வரியில் இருப்பது என் பெயர். உன் பெயர் அறிவித்தலில் எங்கும் இல்லை. ஏனெனில் உன் பெயரை நான் மாற்றி எழுதினேன். நீ கேட்டபோது பொய் சொன்னேன்.

மூட்டை வண்டிகள் எங்களைச் சுற்றிப் போயின.

“அம்மா அந்தப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் காட்டுகிறாள். அவள் சுவரில் உன் பெயர் தொங்குகிறது.”

மன்னிப்புக் கேட்டேன்.

“என் பெயருக்குப் பொருள் உண்டென்று எனக்குத் தெரியாதா? நான் பிறந்தபோது விடிந்துகொண்டிருந்தது. அம்மா சன்னல் வழியே பார்த்தாள், வைத்தாள். அது அவள் வைத்த சொல். உன் தமிழ் அதை விட அழகாக இருக்கலாம். ஆனால் அது அவள் வைத்தது அல்ல.” பிறகு: “உன் பெயரைச் சொல்ல நான் ஒரு வாரம் படித்தேன்.”

கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

“சென் தெனிக்காரர் எனக்கு அயலார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கூட வரவில்லை. உன் மேல் வருகிறது.”

ஞாயிறு வருவாயா என்று கேட்டேன். உள்ளே போய் உருளையை இயக்கிவிட்டார். பகல் முழுதும் என்னை அழைக்க நேர்ந்தபோதெல்லாம் ‘சூர்யா’ என்றார்.

பி.ப. 4. யோகனுக்குத் தொலைபேசி. விழாவுக்கு வருவேன், விளக்கேற்றுவோரை அழைப்பேன் என்றேன். “அப்பாடா” என்றார். அதற்குமேல் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கியவை: கறுப்பு வண்ணம் ஒரு புட்டி, அகன்ற தூரிகை ஒன்று, பேனைகள் நான்கு பெட்டி. அரசி, இல்லை, ராஜேஸ்வரி பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பள்ளிக்கூடம் துவங்கப் போறீங்களே?”

அவள் பெயரை எழுதும்போது ஜகரத்தில் கை நின்றது. எழுதிற்று.


ஞாயிறு, பங்குனி 16

மழை மீண்டும். மண்டபம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பின்னால், ஒப்பனைப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். வேட்டியில் நீலம் திட்டுத் திட்டாய்ப் பிடித்திருக்கிறது.

ஒரோர் வந்திருக்கிறார். தாயோடு. கடைசி வரிசை, கதவருகே. தாய் தலையில் பொன்னிறத் துணி, மடியில் அந்தச் சட்டமிட்ட படம். ஒரோர் மேலங்கியைக் கழற்றவில்லை.

யோகன் இருமுறை வந்துபோனார். “அண்ணை, விளக்குக்கு எண்ணெய் விட்டாச்சு, துவங்குவமே?” சாந்தி வேடப் பெண் தூரிகையைப் பார்த்துப் பிரெஞ்சில் எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். வண்ணப் புட்டியின் மூடியைத் தானே திறந்து தந்தாள். ராஜேஸ்வரி வாயிலில் நின்று வருவோர் ஒவ்வொருவர் கையிலும் அறிவித்தலோடு ஒரு பேனையும் கொடுக்கிறாள். சனம் சீட்டிழுப்பு என்று நினைக்கிறது.

எழுதி வைத்த பழைய உரையைக் கிழித்தாயிற்று. சொல்லப்போவது:

அவையோரே! பதினான்கு இணையரே! விளக்கேற்ற உங்களை அழைக்க வந்தேன். அழைக்கமாட்டேன். இன்னும் இல்லை.

ஒரு பெண்ணின் பெயர் களவு போயிருக்கிறது. சென் தெனியில் விருது கொடுத்து, நாளிதழில் பெயரை மறைத்தனர். அதைக் கண்டித்து முழங்க வந்தவன் நான். களவுப்பொருள் என் வீட்டிலும் இருந்தது. உங்கள் கையிலுள்ள தாளைப் பாருங்கள். ‘ஆக்கம்’ என்ற சொல்லுக்கு எதிரே என் பெயர் நிற்கிறது. நான் எழுதவில்லை. தமிழாக்கினேன், அவ்வளவே. மன்றத்தைக் குறை சொல்லாதீர்கள். முதல் தாளில் அவர் பெயரை மாற்றியவன் நான்.

எழுதியவர் கறுப்பினப் பெண். நாம் கடைவாசலில் ஒரு சொல் சொல்வோமே, அந்தச் சொல்லும் அவருக்குத் தெரியும். இன்று வேறு ஒரு தமிழ்ச்சொல் அவருக்குக் கேட்கட்டும்.

கடவுச்சீட்டில், வேலைச் சீட்டில், பள்ளிப் பதிவில் நம் பெயரை அரையாக வெட்டிய எழுத்தர்மேல் நாம் காய்ந்ததெல்லாம் மெய்யானால், இங்கே செய்து காட்டுங்கள். அவர் பெயர் ஒரோர் மலாங்கோ. பெயர்க்காதீர்கள். பெயர்த்துக் கெடுத்தவன் சொல்கிறேன். அதோ, கடைசி வரிசையில் எழுந்து போக ஆயத்தமாய் அமர்ந்திருக்கிறார். அவருடைய தாய் மடியில் வைத்திருக்கும் படத்தில் இருப்பது என் பெயர். அது அங்கே இன்னும் ஒரு கணமும் இருக்கக் கூடாது.

திரைச்சீலையில் நான் எழுதுகிறேன். உங்கள் கையில் பேனை இருக்கிறது. என் பெயரை வெட்டுங்கள். அதன்மேல் அவருடையதை எழுதுங்கள். எழுதியபின் ஒரு தாளை அந்தத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்; யார் முதலில் போகிறாரோ அவரையே முதல் விளக்குக்கு அழைப்பேன். யோகன், நீரும்தான். மூடியைக் கழற்றுங்கள். இப்போதே எழுதுங்கள்.